அம்சவல்லி வரப்பைத் தாண்டிய வருடம்

அம்சவல்லிக்கு வருடத்தில் இரண்டு வேலைகள். மாசியில் வெயில் ஏறியதும் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரப் போவாள். ஆவணியில் மழை விழுந்து அளத்தில் வேலை குறைந்ததும், வானூர்ப் பக்கம் இருக்கும் தன் ஒன்றரை ஏக்கரில் பருத்தி போடுவாள். கணவர் பலராமன் லாரி ஓட்டுபவர். நிலம் அவள் பொறுப்பு.

பல வருடங்களாக அவள் போட்டது பி.டி. பருத்தி. செடிக்குள்ளேயே புழுவைக் கொல்லும் நஞ்சு இருந்ததால் காய்ப்புழுவுக்கென்று அவள் மருந்து அடித்ததே இல்லை. விதைப் பையோடு சாதாரணப் பருத்தி விதையும் ஒரு சின்னப் பொட்டலத்தில் வரும். வயல் ஓரத்தில் அதை விதைக்கச் சொல்லி அச்சடித்திருப்பார்கள். ஊரில் யாரும் விதைத்ததில்லை. அவளும் தூக்கிப் போட்டுவிடுவாள்.

2018 மார்கழியில் காய்கள் சரியாக வெடிக்கவில்லை. பஞ்சில் மஞ்சள் கறை. ஒன்றைப் பிளந்தாள். இளஞ்சிவப்பாக ஒரு புழு விதையைத் தின்றுகொண்டிருந்தது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தாள். காய்க்குள் இருந்த புழுவை மருந்து தொடவே இல்லை. பாதி வெள்ளாமை போயிற்று.

நாலு காய்களை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கிருபா என்ற பெண் அலுவலர் காய்களை வாங்கிப் பார்த்தார்.

"விதை டூப்ளிகேட்டா மேடம்?"

"விதை நல்லதுதாங்க. புழு பழகிடுச்சு. இந்தச் செடியத் தின்னும் சாகாததுங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருகிடுச்சு. ஓரத்துல சாதா பருத்தி இருந்தா, அங்க நஞ்சு படாம வளர்ற பூச்சிங்க இதுங்களோட கலந்திருக்கும், அதுங்க போடற புழு இந்தச் செடியத் தின்னா செத்திருக்கும். இவ்ளோ சீக்கிரம் பழகியிருக்காது."

"அந்தப் பொட்டலத்த நான்தான் தூக்கிப் போட்டேன் மேடம்."

"எல்லாருந்தான் போட்டாங்க. வாங்க, வயலைப் பாக்கலாம்."

அன்றைக்கே ஸ்கூட்டரில் அவளை உட்கார வைத்துக்கொண்டு வந்தார். தையோடு பருத்தியை முடித்துவிட வேண்டும், காய்ந்த செடிக் குச்சிகளை விறகுக்குக் குவித்து வைக்காமல் தூளாக்கிவிட வேண்டும், அதில் ஒட்டியிருக்கும் காய்களில் புழு அடுத்த பருவம் வரை உயிரோடு கிடக்கும் என்றார். பிறகு பக்கத்து நிலத்தைக் காட்டினார். "அங்கயும் செய்யணும். பூச்சி பறந்து வரும்."

பக்கத்து நிலம் அப்பாதுரையுடையது. வரப்புத் தகராறில் எட்டு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு அம்சவல்லி அவர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அப்பாதுரை முகம் கொடுக்கவில்லை. அவர் மனைவி வசந்தாதான் கேட்டாள்: "குச்சிய அழிச்சிட்டா அடுப்புக்கு நான் இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. அடுத்த வாரம் பலராமன் லாரியில் சவுக்கு விறகு ஏற்றி வந்து அந்த வீட்டு வாசலில் இறக்கினார்.

"இத எரிங்கண்ணா. குச்சிய மட்டும் விட்ருங்க," என்றாள் அம்சவல்லி. அப்பாதுரை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் குச்சி தூளாக்கும் மெஷின் வந்த அன்று அவரே இரண்டு நிலத்துக்கும் அதைக் கொண்டு போனார்.

அடுத்த பருவத்தில் கிருபா சொன்னபடி இருவரும் ஆண் பூச்சிகளைப் பிடிக்கும் பொறிகளை வயலில் நட்டார்கள். அதில் விழும் பூச்சி கூடினால், புழு காய்க்குள் நுழையும் முன்பே மருந்து அடித்துவிட வேண்டும். அப்போதும் பேச்சில்லை. கார்த்திகையில் அம்சவல்லி காய்ச்சலில் விழுந்து பத்து நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொறியைப் பார்க்க ஆளில்லையே என்று தவித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பாதுரை பேசறேன்மா. உன் பொறியில மூணு நாளா எட்டு, ஒம்போதுன்னு பூச்சி விழுது. மேடத்தக் கேட்டு ரெண்டு நிலத்துக்கும் மருந்து அடிச்சிட்டேன். உள்ள புழு இருந்து மூடிக்கிட்டிருந்த பூவெல்லாம் வசந்தா கிள்ளிப் போட்டுட்டா. நீ உடம்பப் பாத்துக்கோ."

"சரிண்ணா" என்றாள் அம்சவல்லி. ஊர் திரும்பியதும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். வசந்தா அந்தக் கையைப் பிடித்து இறக்கி, உள்ளே கூட்டிப் போய் ரசம் சோறு போட்டாள்.

புழு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் நூறு காய் பிளந்தால் நாலைந்தில்தான் இருந்தது. வெள்ளைப் பஞ்சை இரண்டு பெண்களும் சேர்ந்தே எடுத்தார்கள், முதலில் அம்சவல்லி வயலில், பிறகு வசந்தா வயலில்.