துரை நாய் சைவமான கதை

கனகேஸ்வரி அக்காவுக்குக் கேள்வி கேட்கும் வியாதி. அதற்கு மருந்து கிடையாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, பட்டறையில் என் புருஷன் என்ஜினை என்ன செய்கிறார், ஆவி எப்படி அவ்வளவு பெரிய சக்கரத்தைத் தள்ளுகிறது என்று கேட்டு என்னை ஒரு வழி பண்ணிவிட்டார். எனக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும்? அவர் சட்டையில் ஒட்டிய எண்ணெய் எந்தச் சோப்புக்கும் போகாது என்பது தெரியும். அதைச் சொன்னேன். உடனே, ஏன் போகாது என்று கேட்டார்.

அக்கா பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வீட்டுக்காரர் சண்முகரத்தினம் ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. பிள்ளை இல்லை. சுத்த சைவம். எங்களைப் போல வெள்ளிக்கிழமைக்கு மட்டும் சைவமாக இருந்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் கறி வாங்கப் பாசாருக்கு, அதுதான் சந்தைக்கு, ஓடுகிற ஜாதி இல்லை. அக்கா சமைத்ததைத் தவிர கோலாலம்பூரில் வேறு எந்த வீட்டிலும் சண்முகரத்தினம் ஐயா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். கோயில் மண்டபத்தில் சைவ உணவின் பெருமையைப் பற்றிப் பேசுவார். நல்ல மனிதர்தான். நாலு பேர் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்றால் மட்டும் நிறுத்தத் தெரியாது.

அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. ஐயாவின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை எட்டு மாத லீவில் சீமைக்குப் போனார். போகும்போது தன் வேட்டை நாயை ஐயாவின் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார். வெள்ளையில் பழுப்புத் திட்டு விழுந்த பெரிய நாய், பெயர் டான். தினமும் இறைச்சி போடவேண்டும் என்று துரை சொன்னார். ஐயா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னது வேறு.

"எங்கட வீட்டுக்கு வந்தால் எங்கட சாப்பாடுதான். பழகட்டும்."

அக்கா பருப்புச் சோறு போட்டார், மோர்ச்சோறு போட்டார், பாலில் ரொட்டி ஊறவைத்துப் போட்டார். டான் முகர்ந்து பார்க்கும். பிறகு ஏதோ அவமானப்பட்டதுபோல் வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். பசி தாங்காத நேரத்தில் கொஞ்சம் நக்கும். ஒரு மாதத்தில் விலா எலும்பு வெளியே தெரிந்தது. சொறிந்து சொறிந்து முதுகில் முடி கொட்டியது. துரை திரும்பி வந்து இந்த எலும்புக்கூட்டைப் பார்த்தால் ஐயாவின் வேலை என்ன ஆகும் என்று எங்கள் வரிசை முழுக்கப் பேசிக்கொண்டோம்.

இனி நான் சொல்லப்போவது பின்னால் அக்காவே எனக்குச் சொன்னது. ஒரு நாள் டான் எங்கள் குப்பைக் குழியிலிருந்து ஒரு கோழித் தலையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதைக் கடித்து நொறுக்கிய சத்தத்தை அக்கா கேட்டிருக்கிறார். ஒரு மாதமாக அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. தின்று முடித்ததும் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவர் காலடியில் நின்றது. அன்றைக்கு முழுவதும் அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை.

மறுநாள் ஐயா ஆபீசுக்குப் போனதும் அக்கா பாசாருக்குப் போனார். ஆட்டுக்கறி விற்கிற பக்கிரிசாமியின் கடைக்குப் பக்கத்தில் காய்கறிக் கடை. அக்கா கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே கறிக்கடையோடு பேசினார்.

"என்னம்மா வேணும்? தொடையா, நெஞ்செலும்பா?" என்று பக்கிரிசாமி கேட்டார்.

"நாய் தின்னுற இடம்."

பக்கிரிசாமி சிரித்துவிட்டு, கழுத்தெலும்பும் சவ்வுமாகக் கொஞ்சம் வெட்டினார். "வேக வச்சுப் போடுங்கம்மா. பச்சையா தின்ன நாய் ஆளைக் கடிக்கும்னு சொல்வாங்க."

அங்கேதான் சிக்கல். அக்காவின் அடுப்பில் இறைச்சி ஏறுமா? ஏறாது. சரி, கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டித் தனி அடுப்பு வைக்கலாம் என்றால், வாசனையை எந்த டின்னில் அடைத்து வைப்பது? கிராணி வீட்டுக் கொல்லையில் கறி வேகிறது என்று பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஐயாவின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? "தெரிஞ்சால் இந்தக் கையாலை ஒரு வாய் சோறு வாங்கமாட்டார், இராஜம்மா. அது ஒண்டுதான் எனக்குப் பயம்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அடுப்பின் சுத்தத்துக்காகவும் ஊர் மூக்குக்குப் பயந்தும் அந்த நாய்க்குப் பச்சை இறைச்சி கிடைத்தது. வேறு எந்த ஞானத்தாலும் இல்லை.

முதல் நாள், கடித்துவிடுமோ என்ற பயத்தில் நாயைக் கயிற்றில் கட்டிவிட்டு, துணி காயப்போடுகிற மூங்கில் கழியின் நுனியில் கறியைக் குத்தித் தூரத்தில் நின்று நீட்டினார். கழியில் குத்துவதற்குக் கையால் எடுக்கத்தானே வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாராம். டான் அவரைக் கடிக்கவில்லை. எலும்போடு கறியைத் தின்றுவிட்டு, குழந்தைபோல் சுருண்டு படுத்துத் தூங்கியது. சோறு தின்ற மாதத்தில்தான் ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டும் கதவைப் பிறாண்டிக்கொண்டும் கிடந்தது.

பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. மூடி போட்ட பிஸ்கட் டின்னில் கறி வரும். குளிக்கிற அறைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் விருந்து நடக்கும். அது முடிந்ததும் அக்கா தலையோடு குளிப்பார். வாசலில் ஒரு சட்டியில் மோர்ச்சோறு இருக்கும். அதைக் காக்கை தின்னும். தினமும் இரண்டு தடவை தலைக்குக் குளிக்கிறாரே, என்ன ஆசாரம் என்று நாங்களெல்லாம் வாயைப் பிளந்தோம்.

சும்மா போட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்ப்பாராம். முன்னங்கால் இரண்டையும் கைபோல் வைத்து எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. கழுத்தெலும்பை முழுசாகத் தின்கிறது, காலெலும்பை நக்கிவிட்டு விட்டுவிடுகிறது. ஈரல் கொஞ்சமென்றால் நல்லது, நிறையப் போட்டால் வயிறு போகிறது. வயிறு நிறைந்த நாளில் எலும்பை முருங்கை மரத்தடியில் புதைத்து வைத்து, வாடை வந்தபிறகு தோண்டி எடுத்துத் திருவிழாக் கொண்டாடுகிறது. எலும்பு அதிகமானால் மறுநாள் கழிவது சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்துக் கிடக்கிறது. குச்சியால் தொட்டால் உதிர்கிறது. அதையும் குச்சியால் தொட்டுப் பார்த்திருக்கிறார் இந்த மகராசி. பாசாரில் கேள்விமேல் கேள்வி கேட்டு, ஆட்டின் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கறி தின்கிற என்னைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்.

டானுக்கு முடி வளர்ந்து மினுமினுத்தது. ஐயா அதைப் பார்த்தார், வாசலில் இருந்த மோர்ச் சட்டியையும் பார்த்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், கோயில் மண்டபத்துக்குப் புதிய விஷயம் கிடைத்துவிட்டது. மாமிசத்திலேயே பிறந்து வளர்ந்த துரை வீட்டு நாய்கூடச் சைவமாகி எப்படித் தெம்பாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஆட்கள் வந்து பார்த்தார்கள். டான் எல்லோர் கையையும் நக்கியது. சிலர் கும்பிடாத குறை.

அப்படி மயங்கியவர்களில் முதல் ஆள் என் புருஷன் வேலாயுதம். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் குழம்பு. எலும்பை உறிஞ்சிக்கொண்டே, "இனிமே கறுப்பிக்கு எலும்பு, மீன் தலை எதுவும் போடாதே. மோர்ச்சோறுதான்" என்றார். கறுப்பி எங்கள் பெட்டை நாய். தன் வாயைக் கட்ட முடியாதவர் நாயின் வாயைக் கட்டினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "கிராணி ஐயா படிச்சவரு, உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

அந்த நேரத்தில்தான் கறுப்பி ஐந்து குட்டி போட்டது. மோர்ச்சோற்றைத் தின்றுவிட்டு ஐந்து வாய்க்குப் பால் எங்கே சுரக்கும்? மடி வற்றிப் போயிற்று. இரண்டு குட்டி செத்தது. மூன்றாவது குட்டி கண் திறக்காமலே துவண்டு கிடந்தபோது அக்கா வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சாப்பாடு போடுறீர், இராஜம்மா?"

"உங்க வீட்டுல போடுறதுதான்கா. மோர்ச்சோறு."

எப்போதும் நாலு கேள்வி கேட்கிறவர், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். என்ன ஆயிற்று இவருக்கு என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வாசலில் ஐயாவும் என் புருஷனும் கோயில் ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் கறுப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பாசாரிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் வாழை இலை. மூடவில்லை. இலையில் சிவப்பாக ஆட்டுக் கழுத்தும் ஈரலும்.

ஐயா எழுந்தே விட்டார். "இஞ்சேரும், என்ன உது கையிலை?"

"இறைச்சி." அக்கா அவரைப் பார்க்கவில்லை, என் புருஷனைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, டான் ஒரு நாளும் மோர்ச்சோத்திலை கொழுக்கேல்லை. இதைத்தான் பச்சையாப் போட்டனான், இவ்வளவு காலமும். உங்கட பெட்டைக்கும் இதைப் போடுங்கோ. மிச்சக் குட்டியளாவது பிழைக்கட்டும்."

குனிந்து இலையைப் படியில் வைத்தார். கறுப்பி என் மடியிலிருந்து குதித்தது. கோயில் ஆட்களில் ஒருவர் தரையைப் பார்த்தார், இன்னொருவர் செருப்பைத் தேடினார். ஐயா வேட்டியைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

எங்கள் வேலியோரம் யாருக்கும் தெரியாமல் அந்த இலையை நீட்டியிருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "உம்மிட்டைத் தந்தால் உம்மட மனுசன் போடவிட்டிருப்பாரோ?" என்றார். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை ஐயாவின் சாப்பாட்டு அடுக்கு வீட்டிலேயே இருந்தது. மத்தியானம் சைவக் கிளப்புக் கடையில் சாப்பிட்டார். வேறு வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். ராத்திரிக்கு வாழைப்பழம். அக்கா வழக்கம்போல் சமைத்து, பரிமாறுகிற நேரத்தில் இலையைப் போட்டு வைப்பார். பிறகு அவர் தொடாத இலையை மடிப்பார். ஊரில் ஐயாவுக்கு 'மோர்க் கிராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோயில் மண்டபத்துப் பக்கம் அவர் தலைகாட்டவில்லை. எனக்கோ அவர்மேல் அப்படி ஒரு ஆத்திரம். இங்கே மூன்று குட்டியும் பால் குடித்து உருண்டுகொண்டிருந்தன. அங்கே அந்தப் பெண் பேச்சில்லாமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

இப்படி மூன்று வாரம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா சந்தில் டானுக்குக் கறி போட்டுக்கொண்டிருந்தார்; இப்போது மறைக்க ஒன்றுமில்லை. ஐயா பின்கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"உந்த எலும்பு தொண்டையிலை குத்தாதோ?"

அக்கா திரும்பிப் பார்த்தார். "பச்சை எலும்பு குத்தாது. நொறுங்கிப் போகும். சத்தத்தைக் கேளுங்கோ."

ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அந்தக் காலெலும்பை ஏன் விட்டிட்டுது?"

"அது சரியான கெட்டி. தனக்கு ஏலாது எண்டு அதுக்குத் தெரியும்."

"முதல் நாள் உந்த இறைச்சியை எப்பிடித் தொட்டனீர்?"

"கண்ணை மூடிக்கொண்டு."

"ரெண்டாம் நாள்?"

"ரெண்டாம் நாள் பாக்கவேணும்போலை இருந்தது."

ஐயா படியில் உட்கார்ந்துவிட்டார். "ஊரெல்லாம் போய்ச் சொன்னன். நாய்க்கு என்ன போடுறீர் எண்டு உம்மிட்டை ஒருக்கால்கூடக் கேக்கேல்லை."

அக்கா அடுத்த எலும்பை டானிடம் நகர்த்தினார். டான் அதை நொறுக்கத் தொடங்கியது.

"பசிக்குது" என்றார் ஐயா.

அக்கா சட்டென்று எழுந்தார். "இருங்கோ, ஓடிப்போய்க் குளிச்சிட்டு வந்து போடுறன்."

"குளிக்க நேரமாகும். கையைக் கழுவிப்போட்டு வாரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. எழுந்து போய் வாளியிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வந்தார். அக்கா இரண்டு கையையும் நீட்டினார். ஐயா ஊற்றினார்.