பின்னறையை ஒதுங்கவைத்த தாயார்

எங்கள் தாயாரின் உயிர் பிரிந்த பிற்பகலில் வீட்டில் இருந்தவர்கள் தகப்பனாரும் நானும் பனையோலைப் பெட்டி முடைகிற அன்பாயி அத்தையும். என் தங்கை இல்லை. தன் மூன்றாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் தூத்துக்குடியிலுள்ள புருஷன் வீட்டுக்குப் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. எங்கள் சபை உபதேசியாரும் பக்கத்து ஊர் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்ததால் ஜெபத்தை நானே வாசித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இந்த நினைவு மலரை எழுதும் பொறுப்பும் அதனாலேயே என்மேல் விழுந்தது.

தாயார் ஏரலுக்கு அக்கரையில் ஒரு சிற்றூரில், பெரிய பஞ்சம் நடந்த காலத்தில் பிறந்தவர்கள். அதனால்தான் எந்தச் சாமானையும் விட மனம் வராது என்று உறவினர் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாயாருக்கு நேர் மூத்தவரான எங்கள் பெரியம்மாவும் அதே வீட்டில் அதே கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர். பெரியம்மா வீட்டில் தரை தெரியும்.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றோரத்திலிருக்கும் எங்கள் ஊருக்குத் தாயார் வாக்கப்பட்டு வந்தார்கள். தகப்பனார் கூலிக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறவர்கள். அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் தாயார் வயல் வேலைக்கும் போய், எங்கள் இருவரையும் பார்த்து, என்னைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். பசி என்று வாசலில் நின்ற எவரையும் அவர்கள் வெறுங்கையாய் அனுப்பியதில்லை.

ஆனால் சாமான்களை இடம்பார்த்து அடுக்கி வீட்டை ஒதுங்கவைக்க அவர்களால் இயலவில்லை. இறந்தவர்களைப் பற்றி இப்படி எழுதலாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். வீட்டுக்குள் வந்த எல்லோரும் கண்ணால் கண்டதை மறைத்து எழுதுவதில் மரியாதை ஒன்றுமில்லை. தாயார் சோம்பேறியல்ல. காலையிலிருந்து சாயங்காலம் வரை கை ஓயாது. உளுந்து புடைக்கச் சுளகை எடுப்பார்கள். ஓலைப் பெட்டியின் காது அறுந்திருப்பது கண்ணில் படும். அதைக் கட்டக் கயிறு தேடிப் போவார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் என் கிழிந்த சட்டை கிடக்கும். ஊசியைத் தேடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் உளுந்தும் பெட்டியும் கயிறும் சட்டையும் நாலு இடத்தில் அரைகுறையாய்க் கிடக்கும். மறுநாள் அவற்றின்மேல் வேறு நாலு வேலை ஏறும். வீட்டில் இருந்தது இரண்டே அறை. முன்னறையில் நாங்கள் சாமான்களுக்கு நடுவே படுத்தோம். பின்னறையில் பழஞ்சாக்கும் மண்ணெண்ணெய்த் தகரங்களும் ஓட்டைப் பானைகளும் கந்தல் மூட்டைகளும் கூரை வரைக்கும் அடைந்து, கதவு பாதிதான் திறக்கும்.

தங்கைக்குத் தலைப்பிள்ளை உண்டான வருஷம் இது எங்கள் கழுத்தைப் பிடித்தது. முதற் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம்மவர்களிடத்தில் மாறாத வழக்கம். தங்கையின் மாமியார் நாலாம் மாதம் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள்.

“உக்காருங்க சம்மந்தி,” என்றார்கள் தாயார்.

“எங்கன?” என்றார்கள் அவர்கள்.

தாயார் சுளகை எடுத்துத் தகரத்தின்மேல் வைத்து, தகரத்தை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தார்கள். இடம் உண்டாகவில்லை. சம்பந்தியம்மாள் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே பேசினார்கள்.

“பிள்ளைய அனுப்புததுல எங்களுக்கு ஒண்ணுமில்ல. பச்ச ஒடம்புக்காரி காலு நீட்டிப் படுக்கணும்லா? இந்தக் குப்பைக்குள்ள தேளு எத்தன கெடக்கோ, யாரு கண்டா. ஏழாம் மாசம் கூட்டிட்டு வருதோம். எடம் இருந்தா விட்டுட்டுப் போறோம். இல்லன்னா எங்க வீட்டுலயே பாத்துக்கிடுதோம். ஒங்களுக்குக் கொறையா நெனைக்காதீங்க.”

குறையாக நினைக்காமல் எப்படி இருக்க முடியும்? பெற்றவள் உயிரோடிருக்க மகள் மாமியார் வீட்டில் பிள்ளை பெற்றாள் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது தாயாருக்குத் தெரியும். அன்று அவர்கள் சாப்பிடவில்லை.

முதலில் உதவிக்கு வந்தவர் பெரியம்மா. தாயார் ஏரல் சந்தைக்குப் போயிருந்த நாளில் இரண்டு பெண்களோடு வந்து பின்னறையை முழுக்க வாரிப் புறக்கடையில் போட்டார். தாயார் சந்தையிலிருந்து திரும்பி வந்தார்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. போட்ட சாமானையெல்லாம் தாமே சுமந்து உள்ளே கொண்டுவந்து விட்டார்கள். இப்போது எது எங்கே என்று அவர்களுக்கே தெரியாமற்போயிற்று. அந்த வாரம் முழுவதும் வீட்டில் உப்பைத் தேடினோம்.

“நல்லதுக்குச் செஞ்சேன், நீ திருந்தவே மாட்ட,” என்று சொல்லிவிட்டுப் போன பெரியம்மா அதன்பின் அந்த அறைப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் வண்டிச் சக்கரம் ஏறித் தகப்பனாருக்குக் கால் எலும்பு முறிந்தது. கட்டுப்போட்டு முன்னறையில் கட்டிலில் கிடந்தார்கள். பகலில் தகப்பனார் வீட்டில் இருந்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. கிடந்த கிடையில் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் தாயாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏளா, கையில என்ன?”

“கயிறு.”

“எதுக்கு எடுத்த?”

தாயார் கயிற்றைத் திருப்பிப் பார்த்தார்கள். “பெட்டிக்குக் காது கட்ட.”

“அப்ப கட்டு.”

அவ்வளவுதான் பேச்சு. பெட்டிக்குக் காது கட்டி முடிந்தது. தகப்பனார் எதையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. “வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டால் தாயாருக்குக் கண் கலங்கிவிடும், ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நியாயம் சொல்லுவார்கள். “எங்கன வைக்கப் போற?” என்று கேட்டால் பதில் வந்தது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் எடுத்த வேலையைத் தாயார் முடிக்கிறார்கள் என்பதை நாங்கள் அப்படித்தான் கண்டுகொண்டோம். முன்னறையில் பாய் விரிக்க இடம் கிடைத்தது. அதற்குள் தகப்பனாருக்குக் கால் கூடிவிட்டது. வண்டி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. அவர்கள் கிளம்பிய இரண்டாம் நாளே பாய் விரித்த இடத்தில் சுளகு ஏறிற்று. எனக்கோ பகல் முழுதும் பள்ளிக்கூட வேலை.

பின்னறை அப்படியே இருந்தது. ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை வண்டி திரும்பியதும் தகப்பனார் போய் அன்பாயி அத்தையைக் கூப்பிட்டார்கள். அத்தை நாலு வீடு தள்ளியிருக்கும் கைம்பெண். கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். உறவு வாய்ப்பேச்சில்தான்.

“என்ன வேல அண்ணாச்சி?”

“வேல ஒண்ணுமில்ல. அவ பக்கத்துல உக்காந்திருக்கணும்.”

“உக்காந்திருக்கணுமா? யாரு செத்தா?”

விஷயத்தைச் சொன்னதும் அத்தை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “நான் என் ஓலையக் கொண்டாந்து முடைவேன். ஒங்க சாமான ஒண்ணையும் தொட மாட்டேன். எனக்குத் தும்மல் வரும்,” என்றார்.

சொன்னபடியே வந்தார். வாசற்படியோரம் உட்கார்ந்து ஓலை முடைவார். ஊர்க்கதை பேசுவார். தாயார் எழுந்து வேறு பக்கம் போனால், “மதினி, எங்கன போறிய? கையில இருக்கத வச்சிட்டுப் போங்க,” என்பார். சில நாள் இருவருக்கும் சண்டை. “ஒன் வாயத் தச்சிட்டு உக்காரு,” என்று தாயார் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். தாயார் வெளியே வைத்ததைச் சாயங்காலம் நான் வந்து சுமந்து போவேன். மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும். சாக்குகள் கடைக்காரருக்கு, தகரங்கள் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கு, கந்தல் ஆற்றங்கரைப் பள்ளத்துக்கு. முதுகு ஒடிந்துபோகும். அவ்வளவு சுமந்தும் மறுநாள் பார்த்தால் அறை நேற்றுப்போலவே இருப்பதாகத் தோன்றும்.

சம்பந்தியார் வருவதற்கு முந்தின நாள் மூலையில் கொஞ்சம் மிச்சம். தாயார் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“எனக்கு முடியல அன்பாயி. அவ அங்கனயே பெத்துக்கிடட்டும். நான் கேக்காத பழியா.”

அத்தை தலை நிமிரவில்லை. “இந்தப் பெட்டி வாய் கட்டுததுக்கு நேரமாவும் மதினி. நான் இங்கனதான் இருப்பேன். பைய எந்திரிங்க.”

வெகு நேரம் கழித்துத் தாயார் எழுந்தார்கள். மறுநாள் சம்பந்தியம்மாள் பின்னறைக்குள் போய், சாணம் மெழுகின தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். தங்கையின் துணிமூட்டையை வண்டியிலிருந்து நான் இறக்கினேன்.

அதோடு தாயார் குணமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அது பொய்யாகும். தங்கை பிள்ளையோடு புறப்பட்டுப் போன பிறகு அறை பழையபடி அடைந்தது. இரண்டாம் பிரசவத்துக்கு வழக்கப்படி கட்டாயம் இல்லை, இருந்தும் தாயாரே அத்தையைக் கூப்பிட்டனுப்பினார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது தடவையும் அப்படியே. தகப்பனாரும் நானும் களைத்துப்போனோம். தாயார் எங்களைவிட அதிகம் களைத்தார்கள். “நீங்க எல்லாரும் சும்மா செய்யுத வேலைக்கு எனக்கு ஏன் நெஞ்சு அடைக்குன்னு தெரியல,” என்று ஒருமுறை சொன்னார்கள்.

தங்கை மூன்றாவது பிள்ளையோடு போன சில நாட்களில் தாயாருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், மருந்து தந்தார், காய்ச்சல் இறங்கவில்லை. அறை இன்னும் அடையாமல் இருந்தது. தாயாரை அங்கேதான் படுக்கவைத்திருந்தோம். அத்தை தாமாகவே ஓலையோடு வந்து உட்கார்ந்தார்.

காய்ச்சலுக்கு வந்த வைத்தியருக்கும், அடக்க ஆராதனையை நடத்தித் தந்த உபதேசியாருக்கும், பந்தலும் சாப்பாடும் பார்த்த சபையாருக்கும், மன வருத்தத்தை விட்டு வந்து தாயாரைக் குளிப்பாட்டிய பெரியம்மாவுக்கும், நின்றபடி பேசினாலும் மகளை எங்களை நம்பி விட்டுச்சென்ற சம்பந்தியம்மாளுக்கும், அன்பாயி அத்தைக்கும் தகப்பனார் சார்பில் கைகூப்புகிறேன். சும்மா உட்கார ஆளுக்குக் கூலி கொடுத்தார்கள் என்று எங்களைக் கேலி பேசியவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன். என் தங்கையின் மூன்று பிள்ளைகளும் தங்கள் பாட்டியின் வீட்டிலே பிறப்பதற்கு, அத்தையின் கூலி, வெற்றிலை பாக்கு, சுவருக்கு அடித்த சுண்ணாம்பு உட்பட எங்களுக்கு ஆன செலவு மொத்தம் பதினான்கு ரூபாய் ஆறு அணா.