மாஃபி

டிவியில் பழைய படம். குதிரையில் வந்த வெள்ளைக்கார அதிகாரியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது ஆக்டர் மாமா.

எழுபதுகளில் நாங்கள் குவைத்தில், மங்காஃபில் இருந்தோம். போலந்துக்காரரான அவர் பம்பாயிலும் மெட்ராஸிலும் துரை வேஷம் கட்டியவர். வாய்ப்பு நின்றுபோய், வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் வேலைக்கு வந்த புதிது. படக் கம்பெனி திரும்பக் கூப்பிடும் என்று அப்பாவின் ஆபீஸ் தபால் பெட்டி எண்ணைக் கொடுத்திருந்தார். வியாழன்தோறும் முகப்பவுடர் மணக்க வந்து நிற்பார்.

"லெட்டர் வந்துச்சா, சார்?"

"மாஃபி, பாய்."

"பரவால்லே சார், உங்க தப்பு இல்லே," என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போவார்.

அப்பா கடிதத்தைத் தொலைத்துவிட்டாரோ என்று எனக்கு ஒரே பயம். ஒரு நாள் படியிறங்கியவரிடம் கேட்டேவிட்டேன். "எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு, மாமா?"

"ஒண்ணுமில்லே பாப்பா. கம்பெனிக்காக அவர் வாரா வாரம் மன்னிப்பு கேக்கறார். இந்தியில மாஃபின்னா மன்னிப்புதானே?"

"ஐயோ, இது அரபி மாமா! இல்லைன்னு அர்த்தம்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்போ என்கிட்டே யாருமே மன்னிப்பு கேக்கலையா?"

அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. அப்பா மட்டும் வியாழனன்று பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, நான் கேட்காமலே என்னிடம் "மாஃபி" என்பார்.

படத்தில் அவரைச் சுட்டுவிட்டார்கள். உடனே பாட்டு வந்தது. என் வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டினார்.