படிக்க இடம் பார்த்த கதை

மேற்படிப்புக்கு இடம் தேடும் பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். பெண் பார்க்கப் போகிறவன்கூட அக்கம்பக்கத்தில் நாலு பேரை விசாரித்துவிட்டுத்தான் போகிறான். இவர்கள் கட்டடத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று வருடத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். நான் அப்படிப் போனவன் இல்லை. பதினான்கு கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். அப்படிப் போயும், இங்கே உப்புவெளியில் மூன்று அறை வீட்டில் இன்றைக்குத் தனியாக இருக்கிறேன்.

எனக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று மலைநாட்டில், பெயர் பெற்ற பல்கலைக்கழகம். மற்றது இங்கேயே, துறைமுகத்தைப் பார்த்தபடி அப்போதுதான் தொடங்கியிருந்த சிறிய ஆய்வுப் பிரிவு. இரண்டையும் நேரில் பார்த்த பிறகே முடிவெடுப்பது என்று இருந்தேன்.

மலைநாட்டில் பேராசிரியர் முன்னால் கதிரை நுனியில் இருந்தபடி, எழுதிப் போனதில் பாதியைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் வந்தது. வெளியே வந்ததும் அங்கே படிக்கும் மட்டக்களப்புக்காரர் ஒருவர் என்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிப் போனார்.

"சேர் இருக்கேக்க நாங்களும் நல்லம் எண்டுதான் சொல்லுவம். இப்ப கேளுங்கோ," என்றார்.

கேட்டேன். எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திருத்தி வரும்? இடையில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள்? கருவி பழுதானால் வேலை எத்தனை நாள் நிற்கும்? முடித்தவர்கள் இப்போது எங்கே? அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. விட்டுப் போனவர் வேலை கிடைத்துப் போயிருக்கிறார். அத்தியாயம் இரண்டு கிழமையில் வரும். விடுதி அறையில் குளிர்தான், ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டுப் பேர் ஒன்றாகப் போவார்கள். திரும்பும்போது பஸ் ஊருக்குக் கிட்ட, தம்பலகாமம் தாண்டும் வரைக்கும் அந்த எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே அதே தாளோடு போனபோது, ஆய்வுகூடத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மூதூரிலிருந்து வந்து படிக்கும் ஆசிரியை. "இன்னும் ஒருத்தரும் முடிக்கேல்ல, தம்பி. நாங்கள்தான் முதல் ஆக்கள். நானும் சனி ஞாயிறுதான் வாறனான்," என்றார். என் கேள்விகளில் பாதிக்கு அங்கே பதிலே இன்னும் உண்டாகவில்லை.

எது நல்ல இடம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அப்பா இல்லை, அக்கா கனடாவில். அம்மாவைத் தனியே விட்டுப்போக எனக்கு மனம் வரவில்லை. இதை அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால், "என்னை யோசியாதை, போ" என்று பிடிவாதம் பிடிப்பார். மலைநாட்டு இடம் வேண்டாம் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா குசினியில் சூடை மீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நின்றுவிட்டது.

"இஞ்சயோ?"

"ஓம்."

"ஐயோ மகன். அக்கா பிள்ளைத்தாச்சியெல்லே. எனக்கு விசா வந்து ஒரு மாசம். ரிக்கற்றும் போட்டாச்சு. நீ மலைநாட்டுக்குப் போய் ஹொஸ்டலில நிப்பாய் எண்டு நினைச்சுத்தான் ஓம் எண்டனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீ முடிவெடுக்கிற நேரம் மனசைக் குழப்பக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனான்."

எங்கள் வீடுகளில் இது வழக்கம்தான். நான் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது பெரியப்பா இறந்துபோனார். கடைசித் தாள் எழுதி முடித்து வந்த பிறகுதான் சொன்னார்கள், அடக்கம் முடிந்து ஐந்து நாள். பெரியவர்கள் பிள்ளைக்காக மறைப்பார்கள். பிள்ளையும் வளர்ந்து பெரியவர்களுக்காக மறைக்கும். இருக்கும் இரண்டு பேரும் இப்படி ஒருவருக்கொருவர் நல்லது செய்தோம். ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்தவன், குசினிக்குள் போய் "அடுத்த வருசம் நீங்கள் எங்க நிப்பீங்கள்?" என்று ஒன்றைக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் மலைநாட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் அதையும் சொல்லவில்லை.

ஆறு மாதம் என்றுதான் போனார். அக்காவின் பிள்ளை இப்போது நடக்கிறது. நான் பகலில் துறைமுகத்துச் சேற்றை அள்ளி வந்து, ஆளில்லாத ஆய்வுகூடத்தில் காயவைத்து, சலித்து, நிறுக்கிறேன். சில கிழமைகளில் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பஸ் கொண்டக்டரைத் தவிர ஒருவரோடும் கதைப்பதில்லை. ஒரு ஆளுக்குச் சோறு வைக்க இன்னும் எனக்குக் கை வரவில்லை. இடம் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு என் பதினான்கு கேள்விகளையும் கொடுக்கிறேன், நல்ல கேள்விகள்தான். வீட்டையும் ஒருக்கால் விசாரியுங்கோ என்று சொல்கிறேன். ஏன் என்று அவர்கள் கேட்பதில்லை.

அம்மா போன அன்று காலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் வாசலில் வந்து நின்றது. பெட்டிகளை ஏற்றினேன். அம்மா ஏறாமல் என் கையைப் பிடித்தார்.

"மகன், உண்மையச் சொல்லு. எனக்காகவோ அந்த இடத்தை விட்டனீ?"

"இல்லையம்மா. அந்தக் குளிர் எனக்கு ஒத்துவராது."

"அதுதானே பாத்தன்," என்றார். ஒரு மாதமாக இருண்டு கிடந்த முகம் தெளிந்தது. அந்த முகத்தோடு வானுக்குள் ஏறினார்.

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், பெட்டிகளை இறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்திருப்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை. சாயங்காலமானால், சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.