ஓடைக் கரண்டும் ஒரு கேன் டீசலும்

என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் இராசையா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவனைப் புகழும்போது நீங்கள் என்னைச் சந்தேகப்பட மாட்டீர்கள்.

இலங்கை மலைநாட்டு மடுல்சீமை கடைவீதியில் என் 'புவாத் ஸ்டோர்ஸ்' என்றால் தொண்ணூறுகளில் பெட்டரி சார்ஜ் பண்ணுகிற இடம். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அப்போது கரண்டு கிடையாது. சனி, ஞாயிறு டிவியில் படம் பார்ப்பதற்காக மூன்று மைல் தூரம் கார் பெட்டரியைத் தலையில் சுமந்துகொண்டு என்னிடம் வருவார்கள். 1998இல் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த இந்த இராசையா, லயத்துக்கு மேலே விழும் ஓடையைக் குழாயில் இறக்கி, சின்ன மெசின் ஒன்றைச் சுழல விட்டு, முப்பத்திரண்டு வீட்டுக்கும் வெளிச்சம் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் என் கடைக்கு ஒரு பெட்டரிகூட வரவில்லை.

"கோவிக்காதீங்க நானா, பல்பெல்லாம் இனி உங்ககிட்டதானே வாங்கப் போறோம்" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பல்பை விற்றேன்.

அந்தக் கரண்டுக்கு விநோதமான சட்டம் ஒன்று உண்டு. பல்பை அணைத்தாலும் மெசின் நிற்காது. வீடுகள் எடுக்காத கரண்டு முழுவதும் மெசின் அறைத் தொட்டியில் உள்ள தண்ணீரைச் சும்மா சூடாக்கும். அதனால் "எரியட்டும், அணைக்காதீங்க" என்று இராசையாவே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தான். ஏழு வருடம் அந்த லயத்தில் யாரும் சுவிட்சைத் தொட்டதில்லை.

2005இல் அரசாங்கத்தின் பெரிய கரண்டு வந்தது. அவனைத் தவிர எல்லோரும் அதற்கு மாறினார்கள், பழக்கம் மட்டும் மாறவில்லை. பட்டப்பகலில் முப்பத்தொரு வீட்டிலும் பல்பு எரிந்தது! முதல் பில் வந்த அன்று, "அணைக்கத் தெரியாம எங்களப் பழக்கி வச்சிட்டியே, பாவி" என்று அவன் வாசலில் சண்டை. முப்பத்திரண்டு வீடு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, ஒரே வீடாகியது. அவன் வீடு மட்டும்.

"ஒத்த வீடு ஓடைக் கரண்டுல எரிஞ்சா ஒலகத்துப் புகை கொறைஞ்சிடுமா?" என்று நான் சீண்டுவேன்.

"கொறையாதுங்க நானா. பெரிய கரண்டுக்கு எங்கயோ டீசல் எரிக்கிறாங்க, ஆனா என் வீட்டுக்காக ஒரு சொட்டு எரியலன்னு இருக்குல்ல. எனக்கு அது போதும்" என்பான். வீம்பு பிடித்தவன் என்று நினைத்துக்கொள்வேன்.

2007 மழைக்கு வருவோம். அவன் ஒரே மகள் சிவரூபி பதுளை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள். அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றிலேயே போய்விட்டன. இதுவும் போனால் மகள் தாங்க மாட்டாள் என்பது இராசையாவுக்குத் தெரியும். மருமகன் அங்கிருந்து சேதி சொல்ல வேண்டும் என்பதற்காகவே இராசையா என்னிடம் ஒரு செல்ஃபோன் வாங்கினான். மறுநாளே பதுளைக்குப் போகும் பசறைப் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது. கம்பிகள் அறுந்து பெரிய கரண்டும் நின்றது. நடந்தே பதுளைக்குப் போகக் கிளம்பியவனை, மண் இன்னும் இறங்குகிறது என்று நான்தான் மறித்தேன்.

ஊரெல்லாம் இருட்டு, இராசையா வீட்டில் மட்டும் வெளிச்சம். குழாய் வாயில் உள்ள வலையில் சேறும் சருகும் அடைக்காமல் மழையிலேயே நின்று வாரிக்கொண்டிருந்தான். சண்டை பிடித்தவர்கள் எல்லாம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் பண்ண வந்தார்கள். ஒருவரையும் அவன் திருப்பி அனுப்பவில்லை. மாலைக்குள் எல்லா ஃபோனும் நிறைந்துவிட்டது. ஒன்றிலும் சிக்னல் இல்லை!

காரணத்தை ஃபோன் டவர் காவல்காரன் ஸஹாப்தீன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் கடையில் பாண் வாங்க வந்தபோது சொன்னான். மலை உச்சியில் உள்ள டவருக்கும் பெரிய கரண்டுதான். அது நின்றால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் லொறி மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

கடைக்கு வந்திருந்த இராசையா தன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"நானா, உங்க வேனுல டீசல் இருக்குங்களா?"

அல்லாவே, அந்த நேரத்தில் அவனைச் சீண்ட எனக்கு நாக்கு எழவில்லை. குழாய் போட்டு உறிஞ்சி ஒரு கேன் நிரப்பினேன். நான் குடையைப் பிடிக்க, அவன் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறினான். மூடி சரியில்லை. சட்டையெல்லாம் டீசல் வழிந்தது.

ஸஹாப்தீன் ஊற்றினான். ஜெனரேட்டர் இருமி, கரும்புகை கக்கி, ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ஃபோன் அடித்தது. இராசையா காதில் வைத்தான். வெறும் கேன் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதான். இந்தப் பிள்ளையும் போய்விட்டதோ என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடா? சொல்லித் தொலையேன்!"

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க நானா. அழுறது கேட்டிச்சு." மூக்கைத் துடைத்தான். கையிலும் டீசல். "ஒரு சொட்டும் எரிக்கலன்னு பெருமையடிச்சேன். எம் பேத்தி சத்தம் டீசல்லதாங்க கேட்டிச்சு."

அத்தோடு ஓடையை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கொப்பித் தாள் ஒன்றோடு கடைக்கு வந்தான். ஃபோன் கம்பெனிக்குக் கடிதம். 'எங்கள் ஓடைக் கரண்டு சும்மா தண்ணீரைச் சூடாக்குகிறது. கம்பி இழுத்தால் டவருக்குத் தருகிறோம்' என்று எழுதியிருந்தான். முப்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கப் போவதாகச் சொன்னான். நான் பேனாவைப் பிடுங்கி முதல் கையெழுத்தைப் போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள். இராசையா மூன்றாவது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான்.