தின்னாத புழுவும் என் மருமகளும்

தெருவில் என் மருமகளுக்குக் கொசுக்காரி என்று பெயர். நகராட்சியில் கொசு ஒழிப்பு வேலை. முன்பெல்லாம் புகை மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள். தெருவே வெள்ளையாகிவிடும், ஜனங்களுக்குப் பரம திருப்தி. கொசு மட்டும் மறுநாளே வந்துவிடும்.

போன மழையில் என் பேத்தி கொசுக்காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்கப்புறம்தான் மருமகள் மேற்பார்வையாளரை விடாமல் நச்சரித்து, பாக்டீரியா மருந்து ஒன்றை எங்கள் தெருவுக்கு வாங்கினாள். மண்ணில் இருக்கும் கிருமியிலிருந்து எடுத்ததாம். தண்ணீரில் தெளித்தால் கொசுப்புழு தின்னும். தின்றால் குடல் கிழிந்து சாகும். மீனுக்கும் நமக்கும் ஒன்றும் ஆகாது.

"ரெண்டு நாள் கழிச்சு வருவேன். ஏதாவது நெளிஞ்சா திரும்பப் புகைதான்" என்றார் மேற்பார்வையாளர்.

மருந்தில் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரி விடுவாளா?

"என்னக்கா, என் தொட்டியில வெறும் தண்ணிய ஊத்திட்டுப் போறே?"

"உனக்கென்ன, புகை போட்டு இருமினாத்தான் நம்புவே!"

சொன்னபடி அவர் வந்தார், வண்டியில் புகை மெஷினோடு. தையல்காரியின் தொட்டியில் கரண்டியை விட்டு மொண்டார். நாலு புழுக்கள் துள்ளின.

"என்னம்மா, உன் மருந்துல ஜோரா நீச்சலடிக்குதே?"

மருமகள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"சார், சுருண்டிருக்கு பாருங்க, இது கொசுவாகப் போற கூட்டுப்புழு, இனி எதையும் தின்னாது. மருந்து விழறதுக்கு முன்னாடியே தின்னு முடிச்சிருக்கும். தின்னாதது எப்படிச் சாகும்? இன்னும் தின்னுட்டிருக்கற நீட்டுப்புழு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நானே மெஷினத் தூக்கறேன்."

"கதை விடாதே."

"தொட்டி மேல வலை கட்டறேன். மூணு நாள் குடுங்க. இதுங்க கொசுவாகி வலையில முட்டும். கீழ தண்ணியில ஒண்ணும் இருக்காது."

அரை மனதாகத் தலையாட்டினார். நான் ஸ்டூலைப் போட்டுத் தொட்டியருகே உட்கார்ந்துகொண்டேன்.

"பாட்டி, என் தொட்டிய நானே தொடக்கூடாதா?" என்றாள் தையல்காரி.

"கூடாது. தண்ணி வேணும்னா எங்க வீட்ல மொண்டுக்கோ."

மூன்றாம் நாள் வலைக்குள் நாலே நாலு கொசு. அவர் இருபது தடவை மொண்டார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, சாக்கடை. எங்கும் செத்துக் கறுத்த புழுதான், ஒன்றும் அசையவில்லை. கரண்டியை உதறிவிட்டு, "அடுத்த தெருவுக்கு எப்பம்மா கிளம்பறே?" என்றார்.

"அந்தப் புகை மெஷின இறக்குங்க சார். என் மருந்து டப்பாவுக்கு வண்டியில இடம் வேணும்."

பின்னாலிருந்து தையல்காரி கத்தினாள்: "அக்கா, கொல்லையில ஒரு டிரம் இருக்கு, அதுக்கும் ஊத்திட்டுப் போ!"