இடது மட்கார்டில் ஒரு மேடு

ஓய்வு பெற்ற பத்திரிகை உதவி ஆசிரியர்கள் கீதை வகுப்புக்குப் போகிறார்கள். நான் அறுபது வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி, மாட்டுங்காவில் எங்கள் கட்டட வளாகத்தில் நிறுத்தினேன். சொந்தக் கார் இல்லாத எங்கள் சொசைட்டிச் செயலாளர் ஆறு மாதம் பொறுத்தார். பிறகு நோட்டீஸ் கொடுத்தார். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வண்டி முழு உருவத்துடன் தானே நகர வேண்டும். இல்லையென்றால் பழைய இரும்புக்காரரின் லாரி வரும்.

என்ஜின் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. இடது முன் மட்கார்டு மட்டும் துருவாக உதிர்ந்திருந்தது. அது எங்கும் கிடைக்காது, தகட்டை அடித்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள். நானே செய்வதாகத் தீர்மானித்தேன். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருபது நிமிடத்தில் செய்து காட்டியிருந்தார்.

தொழில் கற்றுக்கொள்ளத் தாராவியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். என் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தார்.

“சார் இதுவரைக்கும் பேனாவத் தவிர ஒண்ணும் தூக்கலியோ?”

ஏழு சனிக்கிழமைகள், மணல் நிரப்பிய தோல் பைமேல் தகட்டை வைத்துக் மரக் கொட்டாப்புளியால் தட்டினேன். தகடு பணியாரச் சட்டி போல ஆகும். பாய் அதை வாங்கி மட்கார்டின் வளைவுக்குக் கொண்டுவருவார். சேர்ந்து செய்கிறோம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

கடைசிச் சனிக்கிழமை மதியம் வேலை முடிந்தது. விளக்கு வரும் இடத்துக்கு மேலே புளியங்கொட்டை அளவு ஒரு மேடு மட்டும் நின்றது.

“அது கெடக்கட்டும், தொட்டுராதிய. தொழுதுட்டு வந்திருதேன்,” என்று சொல்லிவிட்டு பாய் பள்ளிவாசலுக்குப் போனார்.

முப்பது வருடம் பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அடியில் இரும்புக் கட்டையைப் பிடித்து மேட்டை மெல்ல அடித்தேன். அது அடங்கவில்லை, பரவியது. பரவியதைத் திருத்தினேன். அடிக்க அடிக்கத் தகடு மெலிந்து விரியும் என்பது முதல் நாள் பாடம். பாய் திரும்பியபோது அந்த இடம் எண்ணெய் டின்னின் அடிப்பாகம் போல ஆகியிருந்தது. அழுத்தினால் ‘டப்’ என்று உள்ளே போனது. விட்டால் ‘டப்’ என்று வெளியே வந்தது.

“எத்தன அடி அடிச்சிய?”

“ஒரு பத்து.”

“பொய் சொல்லுத வயசா சார் இது? நாளைக்கு லாரி யாருக்கு வருது, எனக்கா?”

காஸ் டார்ச்சைப் பற்றவைத்து, விரிந்த இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தட்டினார். நான் ஈரத் துணியை வைத்தேன். ‘புஸ்’ என்று சுருங்கியது. அடுத்த இடத்துக்குப் போனார்.

“துணி மட்டும் வைங்க. அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

மூன்று மணி நேரம் ஈரத் துணி வைக்கும் பதவியில் இருந்தேன். என் வேலையில் அவர் குறை சொல்லாத ஒரே பகுதி அதுதான். ‘டப்’ நின்றது. மேடு நிற்கவே செய்தது, இப்போது பாதி எலுமிச்சை அளவில்.

“இன்னும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தேன்.

“இன்னும் சூடு வச்சா கிழிஞ்சிரும். லாரிக்குத்தான் குடுக்கப் போறியன்னா சொல்லுங்க, வைக்கேன்.”

ஞாயிறு காலை மட்கார்டை மாட்டி, வண்டியை கேட்டுக்கு வெளியே ஓட்டிப் போய் மறுபடி உள்ளே கொண்டுவந்தேன். செயலாளர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லாரிக்காரருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றார். பிறகு விளக்கருகே குனிந்தார்.

“இங்க வீங்கிண்டிருக்கே, பார்த்தேளா?”

“பார்த்தேன்” என்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.